பத்து நாட்களும் ஒரு கையெழுத்தும்

2002 பிப்ரவரி 15ஆம் தேதிக்கும் 25ஆம் தேதிக்கும் இடையில் மொரீஷியஸ் தீவின் ஜனாதிபதி ஸ்தானத்தில் நான்கு பேர் இருந்தார்கள். புரட்சி எதுவும் இல்லை. ராணுவம் தெருவில் இறங்கவில்லை. இறங்க அந்த நாட்டுக்கு ராணுவமே கிடையாது. ஒரு மசோதாவுக்கு ஒரு கையெழுத்து தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

சம்பிரதாய ஜனாதிபதி என்றால் நமக்கு இளக்காரம். ரப்பர் ஸ்டாம்ப் என்று சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறோம். என் உத்தியோகத்தில் அப்படிப் போக முடிவதில்லை. பாங்கில் ஒரு நாளைக்கு நூறு இடத்திலாவது என் இனிஷியல் விழுகிறது. அதில் என் அபிப்பிராயம் எதுவும் இல்லை. ஆனால் அது விழாமல் காகிதம் அடுத்த மேஜைக்கு நகராது. இங்கிலீஷ் அரசியலமைப்பு பற்றி 1867இல் புத்தகம் போட்ட வால்டர் பாஜட், அரசாங்கத்தைக் கௌரவ அங்கம், காரிய அங்கம் என்று இரண்டாகப் பிரித்தார். அவரும் பாங்குக்காரர்தான். காரியம் நடக்கக் கௌரவத்தின் கையெழுத்து எதற்கு என்ற கேள்வி ஒரு பாங்குக்காரருக்குத் தோன்றியது எனக்கு ஆச்சரியமாக இல்லை.

மொரீஷியஸ் சுதந்திரம் அடைந்தது 1968 மார்ச் 12. ஆனாலும் இருபத்து நான்கு வருஷம் எலிசபெத் ராணியே அரசி. அவர் சார்பில் ஒரு கவர்னர் ஜெனரல். 1992இல் அதே மார்ச் 12 அன்று குடியரசானது. கடைசி கவர்னர் ஜெனரல் ஸர் வீராசாமி ரிங்காடுவே முதல் ஜனாதிபதி. ஆள் அவர்தான், வீடும் அதே வீடுதான், பெயர்ப்பலகை மாறிற்று. அந்த வீட்டுக்கு ரெதுய் என்று பெயர். எதிரி கப்பல் வந்தால் பெண்டு பிள்ளைகளையும் கம்பெனிச் சொத்தையும் பத்திரப்படுத்த, பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கவர்னர் ஒருவர் கட்டியது. ஒடுங்கிக்கொள்ளும் இடம் என்று அர்த்தம். ஜனாதிபதிக்கு இதைவிடப் பொருத்தமான முகவரி கிடைக்காது.

அவரைத் தேர்ந்தெடுப்பது ஜனங்கள் அல்ல. பிரதம மந்திரி பெயரைச் சொல்ல, தேசிய சபை பெரும்பான்மையால் ஏற்கும். சபை அனுப்பும் மசோதா பிடிக்கவில்லை என்றால் 21 நாட்களுக்குள் ஒருமுறை திருப்பி அனுப்பலாம். பண மசோதா என்றால் அதுவும் இல்லை. சபை மறுபடி நிறைவேற்றிவிட்டால் கையெழுத்திட்டே ஆகவேண்டும். சட்டம் எழுதியவர்கள் விட்டுவைத்த கதவு ஒன்றே ஒன்று: ராஜினாமா.

2001 செப்டம்பருக்குப் பிறகு ஐ.நா. பாதுகாப்புச் சபை எல்லா நாடுகளையும் பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் செய்யச் சொன்னது. மொரீஷியஸ் கொண்டுவந்த மசோதாவில், பிடிபட்டவனை வக்கீலைப் பார்க்கவிடாமல் 36 மணி நேரம் வைத்திருக்கலாம் என்று ஒரு ஷரத்து. 1992 ஜூனிலிருந்து ஜனாதிபதியாக இருந்த காசம் உத்தீம் கையெழுத்திட மறுத்து 15ஆம் தேதி பதவி விலகினார். முஸ்லிம், அதனால் விலகினார் என்று சுலபமாகச் சொல்லி முடித்துவிடலாம். அந்த வசதியை அடுத்து வந்தவர் கெடுத்துவிட்டார். உப ஜனாதிபதி அங்கிடி செட்டியார் தற்காலிகமாக அந்த இடத்துக்கு வந்து, மூன்று நாட்களுக்குள் அவரும் கையெழுத்திடாமல் இறங்கிப் போனார். இருவருக்கும் பதவிக்காலம் முடிய நான்கே மாதம் பாக்கி. இழந்தது பெரிதல்ல என்பார்கள். நான்கு மாதத்துக்காகக் கையெழுத்துப் போட்டுவிடுகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

வரிசையில் அடுத்தவர் பிரதம நீதிபதி அரிரங்கா பிள்ளை. அவர் கையெழுத்திட்டார். அந்தச் சட்டம் செல்லுமா என்று வழக்கு வந்தால் விசாரிக்க வேண்டிய கோர்ட்டின் தலைவர் அவர். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருக்குப் பின்னால் வரிசையில் யாரும் இல்லை. 25ஆம் தேதி கார்ல் ஆஃப்மன் புதிய ஜனாதிபதியானார்.

கடல் கடந்த தமிழர் பெருமை பேசும் மலர்கள் இந்தப் பெயர்களை எப்படிக் கையாளும் என்று யோசித்துப் பார்க்கிறேன். மறுத்தவரும் நம் பெயர்க்காரர், இட்டவரும் நம் பெயர்க்காரர். இரண்டு போட்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் புளகாங்கிதம் அடைவார்கள்.

சில வருஷங்களுக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு கிளையில், கடன் கேட்டு வந்த ஒரு கிழவியின் மனுவோடு இன்ஷூரன்ஸ் பாலிசி ஒன்றையும் சேர்த்துவிட்டார்கள். பிரீமியம் பிடிக்கப்போவது அவளுக்குத் தெரியாது. சரிபார்த்தவர் என்ற கட்டத்தில் என் இனிஷியல் வேண்டும். காபி குடிக்கப் போவதாகச் சொல்லி எழுந்து போனேன். திரும்பி வந்தபோது பக்கத்து மேஜைக்காரர் போட்டிருந்தார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை, நிம்மதிதான் வந்தது. இதை உத்தீம் செய்ததன் பக்கத்தில் வைக்கக் கூசுகிறது. அவர் காரணத்தைச் சொல்லிவிட்டுப் போனார். நான் காபி என்றேன். ஆனால் காகிதத்தின் பக்கமிருந்து பார்த்தால் இரண்டிலும் நடந்தது ஒன்றேதான்: ஒருவர் எழுந்தார், இன்னொருவர் போட்டார்.

மசோதாவைக் கொண்டுவந்த பிரதம மந்திரி அனிரூத் ஜகன்னாத். மூன்று வருஷம் அவர், மிச்சம் இரண்டு வருஷம் பால் பெராஞ்ஷே என்று 2000 தேர்தலுக்கு முன்பே இரு கட்சிகளும் பேசி வைத்திருந்தன. அதன்படி 2003 செப்டம்பர் இறுதியில் ஜகன்னாத் இறங்கினார். அக்டோபரில் ஆஃப்மன் விட்டுப்போன இடத்தில் ஜனாதிபதியாக ஏறினார். 2012இல் அதையும் விட்டு அரசியலுக்குத் திரும்பி, 2014இல் மறுபடி பிரதம மந்திரியானது தனிக்கதை.

2007இல் உப ஜனாதிபதி பதவிக்கு ஆள் வேண்டியிருந்தது. அங்கிடி செட்டியாரையே மறுபடி தேர்ந்தெடுத்தார்கள். 2010 செப்டம்பரில் இறக்கும்வரை, ஜனாதிபதி ஜகன்னாத்தின் கீழ் அவர் அந்தப் பதவியில் இருந்தார்.