எந்த வருஷத்துக் கணக்கு?

சேலத்தை அடுத்த கமலாபுரத்திலிருந்து சென்னைக்கு ஆகாய விமானத்தில் ஒரு மணிப் பிரயாணம். நேர்கோடு பிடித்தால் தூரம் சுமார் 265 கிலோமீட்டர். பழைய கணக்கில் 165 மைல். நாமக்கல் நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "ஏனுங்க, எந்த வருஷத்துக் கணக்குங்க அது?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். கேலிதான். ஆனால் கேலியில் சரித்திரம் இருக்கிறது.

தூரம் வருஷத்துக்கு வருஷம் மாறுவதில்லை. அதைப் பிசகில்லாமல் அளக்க வேண்டும் என்று 1802-இல் புறப்பட்டவர் வில்லியம் லாம்ப்டன் என்ற பட்டாளத்துத் துரை. பரங்கிமலைப் பக்கத்துச் சமவெளியில் நூறடி எஃகுச் சங்கிலியைப் போட்டு ஏழரை மைல் அளந்தார். பிடித்த காலம் 57 நாள்! நம் ஊர் வெயிலில் இரும்பு நீளும் அல்லவா? அந்தச் சூட்டையும் பார்த்துக் கணக்கில் கழித்தாக வேண்டும். பிறகு அந்த ஒரு கோட்டை ஆதாரமாக வைத்து, குன்றுக்குக் குன்று கோணம் பார்த்து, முக்கோணம் முக்கோணமாகத் தென்னாட்டையே கட்டிப்போட்டார். பெங்களூரிலிருந்து 78-ஆம் தீர்க்கரேகையை ஒட்டித் தெற்கே இறங்கிய அந்த முக்கோண வரிசை 1809-இல் குமரி முனையை எட்டிற்று. கமலாபுரம் அந்த ரேகைக்கு நாலைந்து மைல் கிழக்கே இருக்கிறது. மீனம்பாக்கமோ பரங்கிமலைக்குப் பக்கத்திலேயே. துரை 57 நாள் குனிந்து அளந்த நீளத்தை விமானம் இரண்டு மூன்று நிமிஷத்தில் தாண்டிவிடுகிறது.

தாண்டுவதற்கு விமானம் வேண்டுமே! கமலாபுரம் நிலையம் 1993-இல் வந்தது. அதன் பிறகு வருஷக்கணக்காக ஓடுதளம் சும்மா வெயில் காய்ந்தது. அப்போது சென்னைக்கு ராத்திரி ரயிலே கதி. 2018 மார்ச் 25-இல் ட்ரூஜெட் சென்னைச் சேவையைத் தொடங்கிற்று. 2021-இல் அதுவும் நின்றது. 2023 அக்டோபரில் இன்டிகோ வந்தது. ஆக, 265 கிலோமீட்டர் ஒரு வருஷம் ஒரு மணியாகவும் மறுவருஷம் ஓர் இரவாகவும் இருந்திருக்கிறது.

நிலையத்தை விஸ்தரிக்க 2018-இல் சுமார் 570 ஏக்கர் கேட்டபோது சுற்றுக் கிராமத்துக் குடியானவர்கள் மறுத்து நின்றார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. லாம்ப்டன் துரைக்குக் குன்றின் உச்சி போதும். விமானம் கேட்பது விளைநிலத்தை.

நாமக்கல்காரருக்கு இன்னொரு வழக்கும் உண்டு. கிழக்கே போக வேண்டியவர் முதலில் வடக்கே 70 கிலோமீட்டர் போகவேண்டும். அதற்கு ஒன்றரை மணி, நிலையத்தில் காத்திருக்க ஒரு மணி, பறக்க ஒரு மணி, மீனம்பாக்கத்திலிருந்து பட்டணத்துக்குள் நுழைய இன்னொரு மணி. நாலரை மணி ஆகிவிட்டது. பஸ்ஸில் ஏழு மணி. "பஸ்ஸுன்னா தூங்கிக்கிட்டே போயிறலாமுங்க" என்கிறார். போன வாரமும் பஸ்ஸில்தான் போய் வந்தார்.