வீட்டிலிருந்து வேலை பார்க்கும் தாய்க்குப் பாலூட்டும் இடைவேளை உண்டா? கொஞ்சம் வரலாறு

"வீட்லதானே இருக்கீங்க, பால் கொடுக்கத் தனியா எதுக்கு பிரேக்?"

கைக்குழந்தையோடு வீட்டிலிருந்து வேலை பார்க்கும் பெண்களிடம் மேனேஜர் கேட்கும் கேள்வி இது. சில வீடுகளில் சொந்தக்காரர்களும் கேட்கிறார்கள். பதில் தெரிய நூறு வருஷம் பின்னால போகணும், வாங்க.

1919. அமெரிக்காவின் வாஷிங்டனில் சர்வதேச தொழிலாளர் அமைப்பின் முதல் மாநாடு நடக்கிறது. அங்கே நிறைவேறிய மகப்பேறு பாதுகாப்பு உடன்படிக்கை சொன்னதில் முக்கியமானவை இரண்டு.

🔸 பிரசவித்த பெண்ணை ஆறு வாரத்துக்கு வேலை செய்ய வைக்கக் கூடாது.
🔸 பாலூட்டும் தாய்க்கு வேலை நேரத்துக்குள்ளேயே தினமும் இரண்டு முறை, அரை மணி நேரம் வீதம் கொடுக்கணும்.

இந்தியா அந்த உடன்படிக்கையை ஏற்கவில்லை. ஆனால் பேச்சு இங்கேயும் வந்துவிட்டது. 1928ல் பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேறு உதவி மசோதாவை ஆதரித்துப் பேசியவர்களில் அண்ணல் அம்பேத்கரும் ஒருவர். 1929ல் அங்கே சட்டம் வந்தது.

நாடு முழுமைக்குமான மகப்பேறு பயன்கள் சட்டம் வந்தது 1961ல். அதன் 11வது பிரிவு என்ன சொல்லுச்சு? வழக்கமான ஓய்வு இடைவேளை போக, தினசரி வேலையின் ஊடே இரண்டு பாலூட்டும் இடைவேளைகள், குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை. இதற்காகச் சம்பளத்தைப் பிடிக்கக் கூடாது என்றது 13வது பிரிவு.

சுரங்கங்களுக்காக 1963ல் வந்த விதிகளில் ஒரு இடைவேளைக்கு 15 நிமிடம். குழந்தைகள் காப்பகம் தூரமா இருந்தால் நடந்து போய்வர நேரம் தனி.

இதைக் கவனிங்க. பாலூட்டும் நேரம் வேறு, நடக்கும் நேரம் வேறு என்று அன்றைக்கே பிரித்து வைத்திருக்கிறார்கள். வீட்டில் வேலை பார்த்தால் மிச்சமாவது நடக்கும் நேரம் மட்டும்தான். குழந்தை பால் குடிக்க எடுக்கும் நேரம் எங்கே இருந்தாலும் அதேதான்.

2017 திருத்தத்தில் விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரம் ஆனது. வேலையின் தன்மை இடம் கொடுத்தால், விடுப்பு முடிந்தபின் இரு தரப்பும் பேசி வீட்டிலிருந்து வேலை பார்க்கலாம் என்ற பிரிவும் வந்தது. 2020ன் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் பாலூட்டும் இடைவேளை 66வது பிரிவு. வாசகம் கிட்டத்தட்ட பழசேதான். வீட்டில் வேலை பார்ப்பவருக்கு இது கிடையாது என்று அதில் எங்கேயும் இல்லை.

26 வாரம்தான் இருக்கே, அப்புறம் என்ன என்று கேட்பீங்க. கணக்குப் போடுவோம். பிரசவத்துக்கு முன்பே 8 வாரம் எடுத்துவிட்டால் மிச்சம் 18 வாரம். குழந்தைக்கு நாலு மாசம்கூட முழுசா முடிஞ்சு கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும். நாங்கள் சொல்வதோ ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், பிறகு இணை உணவோடு இரண்டு வயது வரை.

தமிழ்நாடு அரசு ஊழியர்களான எங்களுக்கு 2021 முதல் ஒரு வருஷம் விடுப்பு. தனியார் வேலையில் இருக்கும் தங்கைகளுக்கு அந்த வசதி இல்லை. அதனால்தான் அவர்களுக்கு இந்த இடைவேளை ரொம்ப முக்கியம்.

மீட்டிங் முடியட்டும் என்று தொடர்ந்து தள்ளிப்போட்டால் பால் கட்டிக்கும். வலி, வீக்கம், சிலருக்குக் காய்ச்சலோடு மார்பக அழற்சி. பால் வெளியேறாமல் தேங்கத் தேங்கச் சுரப்பும் குறையும். "பால் பத்தல டாக்டர்" என்று புட்டிப்பாலுக்குப் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அமெரிக்கா இதைத் தெளிவாகவே எழுதிவிட்டது. வீட்டிலிருந்து வேலை பார்ப்பவருக்கும் பால் எடுக்கும் இடைவேளை உண்டு, அந்த நேரம் கணினி கேமரா, வீடியோ மீட்டிங் வழியாக நிறுவனம் பார்க்கக் கூடாது என்று 2023ல் அந்நாட்டுத் தொழிலாளர் துறை விளக்கம் கொடுத்தது. நம்ம ஊரிலும் இப்படி ஒரு தெளிவான உத்தரவு வரணும்.

அதுவரை?

✅ வீட்டிலிருந்து வேலை என்று பேசும்போதே இரண்டு இடைவேளையையும் மெயிலில் எழுதி வாங்குங்க.
✅ அந்த நேரத்தில் மீட்டிங் வைக்க முடியாதபடி காலண்டரில் குறிச்சு வைங்க.
✅ மறுத்தால் சட்டப் பிரிவைக் குறிப்பிட்டு ஹெச்.ஆருக்கு எழுதுங்க. அதற்கும் பதில் இல்லையென்றால் தொழிலாளர் துறை இருக்கு.

மேனேஜராக இருப்பவர்களுக்கு ஒன்று. உங்கள் டீமில் பாலூட்டும் தாய் இருந்தால், அவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். நீங்களே கூப்பிட்டுச் சொல்லுங்க.