மூச்சுக்கு எத்தனை சென்டிமீட்டர்?



சிபாப் கருவி வைத்துத் தூங்கும் ஒருவரிடம் "எத்தனையில் வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். எட்டு என்பார், பத்து என்பார், சிலர் பன்னிரண்டு என்பார்கள். எதனுடைய எட்டு, யார் வைத்த பத்து என்று அடுத்த கேள்வி கேட்டால், "கம்பெனி ஆள் வந்து வைத்துவிட்டுப் போனார்" என்பதோடு பேச்சு பெரும்பாலும் முடிந்துவிடும். இந்த இதழில் அந்த எண்ணின் கதையைச் சொல்லப் போகிறேன். நாற்பத்தைந்து வருடக் கதைதான். ஆனால் உங்கள் வீட்டில் அப்படி ஒரு கருவி இருந்தால், அல்லது வாங்கிய பத்தாம் நாள் பரணில் ஏறியிருந்தால், இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

முதலில் நோய். தூங்கும்போது எல்லோருக்கும் தொண்டைத் தசைகள் தளரும். சிலருக்கு நாக்கின் அடிப்பகுதியும் மேல் அண்ணத்தின் பின்பகுதியும் சரிந்து மூச்சுப்பாதையை அடைத்துவிடும். நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருக்கும், காற்று மட்டும் போகாது. பத்து நொடி, இருபது நொடி, சிலருக்கு அதற்கு மேலும். ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்க, மூளை உலுக்கி எழுப்ப, ஒரு பெரிய குறட்டையோடு மூச்சு திரும்பும். மணிக்கு முப்பது, நாற்பது முறை இப்படி நடந்தாலும் காலையில் அவருக்கு எதுவும் நினைவிருக்காது. பக்கத்தில் படுத்திருப்பவருக்குத்தான் நினைவிருக்கும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

குறட்டை விடுகிறவரைப் பார்த்துச் சிரிப்பது உலக வழக்கம். சார்லஸ் டிக்கன்ஸ் 1836-37இல் எழுதிய 'பிக்விக் பேப்பர்ஸ்' நாவலில் ஜோ என்ற பருத்த பையன் நின்ற இடத்தில் தூங்கிவிழுவான், வாசகர்கள் சிரித்தார்கள். 1956இல் அமெரிக்க மருத்துவர் சிட்னி பர்வெல்லும் அவருடைய சகாக்களும், உடல் பருமனோடு பகலில் தூங்கிவிழும் நோயாளி ஒருவரைப் பற்றி எழுதியபோது அந்த நிலைக்கு 'பிக்விக்கியன் சிண்ட்ரோம்' என்று பெயர் வைத்தார்கள். ஆனால் தூக்கத்தில் என்ன நடக்கிறது என்று இரவு முழுக்க விழித்திருந்து பதிவு செய்து பார்த்தது 1965இல்தான். பிரான்ஸில் காஸ்தோவின் குழுவும், ஜெர்மனியில் யுங், குலோ இருவரும் தனித்தனியாக அதைச் செய்தார்கள். மூச்சு திரும்பத் திரும்ப நின்றுபோவது அப்போதுதான் தாளில் கோடாக விழுந்தது.

1969இல் குலோ குழுவினர் ஒரு வைத்தியமும் சொன்னார்கள். அடைப்பு தொண்டையில்தானே, அதற்குக் கீழே கழுத்தில் ஒரு துளை போட்டுவிட்டால்? டிரக்கியாஸ்டமி என்று பெயர். வேலை செய்தது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் கழுத்தில் துளையோடு ஆயுள் முழுக்க வாழ வேண்டும். பகலில் மூடிக்கொண்டு பேசலாம், இரவில் திறந்துகொண்டு தூங்கலாம். குளம், கடல் என்று இறங்க முடியாது. கடுமையான நோய் உள்ளவர்களுக்குப் பத்து வருடத்துக்கும் மேலாக உருப்படியாகக் கொடுக்கக்கூடிய வைத்தியம் இது ஒன்றாகவே இருந்தது.

இனி 1980 ஜூன், சிட்னி. காலின் சல்லிவன் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர், கனடாவின் டொரொண்டோவில் எலியட் பிலிப்சனுடன் நாய்களின் தூக்கத்தையும் மூச்சையும் ஆராய்ந்துவிட்டு ஊர் திரும்பியிருந்தார். அவரிடம் வந்த ஒரு நோயாளிக்கு டிரக்கியாஸ்டமி செய்தாக வேண்டிய நிலை. அவருக்கு அதில் விருப்பமில்லை. மூக்கு வழியாகக் காற்றை லேசான அழுத்தத்தில் செலுத்திக்கொண்டே இருந்தால், அந்தக் காற்றே தொண்டையை உள்ளிருந்து முட்டுக்கொடுத்துத் திறந்து வைக்காதா என்பது சல்லிவனின் யோசனை. சரியும் கூரைக்குக் கம்பு ஊன்றுகிற மாதிரி. ஒரே ஓர் இரவு பரிசோதித்துப் பார்க்க நோயாளி சம்மதித்தார்.

வாக்குவம் கிளீனர் மோட்டாரை உறிஞ்சுவதற்குப் பதில் ஊதும்படி வைத்து, அதிலிருந்து ஒரு குழாயை மூக்குக்குக் கொண்டுவந்தார்கள். நோயாளி தூங்கினார், மூச்சு நின்றது. அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார்கள். ஒரு கட்டத்தில் அடைப்பு விலகி மூச்சு சீராக ஓடியது. குறைத்தால் மறுபடி நின்றது. கூட்டினால் மறுபடி ஓடியது. விளக்கு சுவிட்சைப் போல நோயையே போட்டு அணைக்க முடிந்தது. சிறிது நேரம் பார்த்துவிட்டு நிறுத்துவதாக இருந்தவர்கள், மனிதர் அசந்து தூங்குவதைப் பார்த்து விடியும்வரை விட்டுவிட்டார்கள். பல வருடங்களுக்குப் பிறகு அவர் தெளிவாக விழித்த காலை அது.

1981 ஏப்ரலில் 'லான்செட்' மருத்துவ இதழில் ஐந்து நோயாளிகளைப் பற்றிய கட்டுரை வந்தது. சல்லிவன், ஈசா, பெர்தன்-ஜோன்ஸ், ஈவ்ஸ் என நால்வர் எழுதியது. அந்த ஐவருக்கும் தேவைப்பட்ட அழுத்தம் 4.5 முதல் 10 சென்டிமீட்டர் நீர். பாருங்கள், முதல் கட்டுரையிலேயே ஆளுக்கொரு எண். எல்லோருக்கும் பொதுவான எண் என்று ஒன்று ஒருநாளும் இருந்ததில்லை.

சென்டிமீட்டர் என்பது நீளத்துக்கு அல்லவா என்று கேட்பீர்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவைப் பத்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு இறக்கி ஊதுங்கள். அடியில் குமிழி வருவதற்கு எவ்வளவு ஊத வேண்டியிருக்கிறதோ அதுதான் பத்து. நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தமே ஆயிரத்துக்குச் சற்று மேல், ஆகவே பத்து என்பது அதில் ஒரு சதவீதம்தான். 1971இல் ஜார்ஜ் கிரிகரி குறைமாதக் குழந்தைகளின் நுரையீரலைத் திறந்து வைக்க இதே வகை அழுத்தத்தைப் பயன்படுத்திக் காட்டியிருந்தார். நம் நாட்டுப் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் இன்றும் குழாயின் நுனியைத் தண்ணீரில் எத்தனை சென்டிமீட்டர் இறக்குகிறார்களோ அதுவே குழந்தைக்கான அழுத்தம்.

ஆரம்ப காலக் கருவிகளின் லட்சணத்தையும் சொல்ல வேண்டும். ஒவ்வொருவர் மூக்குக்கும் அச்செடுத்து மாஸ்க் செய்து, தினமும் இரவில் அதைப் பசையால் முகத்தில் ஒட்டிக்கொள்ள வேண்டும். மோட்டார் போடும் சத்தம் தனி. அப்படியும் ஆட்கள் அதை வீட்டுக்கு எடுத்துப் போய் வருடக்கணக்கில் பயன்படுத்தினார்கள் என்றால், தூக்கம் எவ்வளவு பெரிய செல்வம் என்று புரிந்துகொள்ளுங்கள். அமெரிக்காவில் கடைக்கு வந்த முதல் கருவி 1985இல் ரெஸ்பிரானிக்ஸ் நிறுவனத்துடையது. மூச்சை இழுக்கும்போது ஓர் அழுத்தம், விடும்போது அதைவிடக் குறைந்த அழுத்தம் என்ற பைபாப் முறையைப் பற்றிய கட்டுரை 1990இல் வந்தது.

சரி, உங்கள் எண் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு ராத்திரி ஆய்வகத்தில் தூங்க வைத்து, டெக்னீஷியன் ஒருவர் விழித்திருந்து படிப்படியாகக் கூட்டிப் பார்ப்பதே நெடுநாள் வழக்கம். இதற்கு டைட்ரேஷன் என்று பெயர். பிளஸ் டூ வேதியியல் செய்முறையில் பியூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டு நிறம் மாறும் இடத்தில் நிறுத்தினோமே, அதே சொல், அதே வேலை. அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2008இல் வெளியிட்ட நெறிமுறைப்படி 4இல் தொடங்க வேண்டும், ஐந்து நிமிடத்துக்குக் குறையாத இடைவெளியில் குறைந்தது ஒவ்வொரு சென்டிமீட்டராகக் கூட்ட வேண்டும், பெரியவர்களுக்கு 20க்கு மேல் போகக்கூடாது.

அந்த ஓர் இரவு, தலையெல்லாம் வயரோடு, பழக்கமில்லாத கட்டிலில் தூங்கிய இரவு. அதில் கிடைத்த எண் உங்கள் வீட்டுத் தூக்கத்துக்கு அப்படியே பொருந்துமா? மல்லாந்து படுத்தால் ஓர் அழுத்தம் தேவை, ஒருக்களித்தால் அதைவிடக் குறைவு. எடை கூடினால், குறைந்தால் மாறும். இரவில் மது அருந்தினால் ஏறும். நிலையில்லாத ஒன்றுக்கு நிலையான ஓர் எண்ணை எழுதிக் கொடுத்தார்கள் என்பதுதான் என் பார்வையில் இந்தச் சிகிச்சையின் பழைய பலவீனம்.

1993இல் இரண்டு விஷயங்கள் நடந்தன. அமெரிக்காவில் கிரிப்ஸ் என்ற ஆய்வாளரின் குழு, 35 நோயாளிகளின் கருவிகளுக்குள் அவர்களுக்குத் தெரியாமல் ஒரு கணக்கீட்டுக் கருவியை வைத்தது. தினமும் போடுகிறேன் என்று சொன்னவர்கள் 60 சதவீதம். ஆனால் வாரத்தில் எழுபது சதவீத நாள்களாவது, நாளுக்கு நான்கு மணி நேரமாவது போட்டவர்கள் 46 சதவீதமே. டாக்டரிடம் வாக்கிங் போகிறேன் என்று நாம் சொல்லும் அதே பதில்தான். அந்த 'நான்கு மணி நேரம், எழுபது சதவீதம்' அப்படியே அளவுகோலாக நிலைத்துவிட்டது, இன்றைக்கும் உங்கள் கருவியின் அறிக்கையில் அந்த வரி இருக்கும். அதே வருடம், 1981 கட்டுரையின் நால்வரில் ஒருவரான பெர்தன்-ஜோன்ஸ், தானே அழுத்தத்தை மாற்றிக்கொள்ளும் கருவி சாத்தியம் என்று எழுதினார். மூச்சை இழுக்கும்போது காற்றோட்டக் கோடு வளைவாக ஏறி இறங்க வேண்டும். தொண்டை சுருங்கத் தொடங்கினால் அந்த வளைவின் உச்சி தட்டையாகும். முழு அடைப்பு வரும் முன்பே அதைக் கண்டு கருவி அழுத்தத்தைக் கூட்டும். இன்று ஆட்டோ சிபாப் என்று விற்பதன் மூலக்கரு இதுதான்.

கனடாவில் ஹாப்ஸ்டைனின் குழு ஒரு சூத்திரமும் கொடுத்தது. உடல் நிறை குறியீட்டெண்ணை 0.16ஆல் பெருக்கு, கழுத்துச் சுற்றளவு சென்டிமீட்டரை 0.13ஆல் பெருக்கு, மணிக்கு எத்தனை முறை மூச்சு தடைப்படுகிறது என்பதை 0.04ஆல் பெருக்கு, மூன்றையும் கூட்டி 5.12ஐக் கழி. குறியீட்டெண் 30, கழுத்து 42, தடை 40 என்றால் 6.7 வரும். இது தொடங்கும் இடம் மட்டுமே, முடிவல்ல.

இனி எனக்குப் பிடித்த பகுதி. 2003இல் கனடாவின் கிங்ஸ்டனில் ஒரு சிறு ஆய்வு: நோயாளிகளே வீட்டில் தங்கள் அழுத்தத்தைச் சரிசெய்துகொண்டால் என்ன? ஆய்வகத்தில் வைத்த எண்ணுக்கு அது குறையில்லை என்று தெரிந்தது. 2004இல் ஸ்பெயினில் 360 பேரை மூன்று பிரிவாக்கினார்கள். முதல் பிரிவுக்கு ஆய்வக இரவு. இரண்டாவதுக்கு வீட்டில் ஆட்டோ கருவி. மூன்றாவதுக்கு மேலே சொன்ன வகைச் சூத்திரத்தில் தொடங்கி, பக்கத்தில் படுப்பவர் "இன்னும் குறட்டை வருகிறது, நடுவில் மூச்சு நிற்கிறது" என்று சொன்னால் கொஞ்சம் கூட்டுவது. பன்னிரண்டு வாரம் கழித்து, பகல் தூக்கம் குறைந்ததிலும் மூச்சுத் தடை குறைந்ததிலும் மூன்று பிரிவும் ஏறக்குறைய ஒன்றே. ஆய்வகத்துக்கு ஈடாக நின்றது கட்டிலின் மறுபக்கத்துக் காது.

இதைப் படித்துவிட்டு இன்றிரவே நீங்கள் கருவியின் மறைவு மெனுவைத் திறக்கக்கூடாது. கிங்ஸ்டனிலும் ஸ்பெயினிலும் பின்னால் மருத்துவர்கள் இருந்தார்கள், எவ்வளவு மாறியது என்ற கணக்கு இருந்தது. அழுத்தம் அளவுக்கு மீறினால் சிலருக்கு வேறு வகைத் தடை வரும்: தொண்டை திறந்தே இருக்கும், மூளை மூச்சிழுக்கக் கட்டளை தராது. 2015இல் வெளியான ஓர் ஆய்வு இன்னும் கடுமையானது. இதயம் மிகவும் பலவீனமாகி, அந்த இரண்டாம் வகைத் தடை மிகுந்த 1325 பேரிடம், ஒவ்வொரு மூச்சுக்கும் அழுத்தத்தை மாற்றும் ஏஎஸ்வி என்ற உயர்வகைக் கருவியைச் சோதித்தார்கள். மூச்சு சீரானது. ஆனால் கருவி பெற்றவர்களில் இதயக் கோளாறால் இறந்தவர்கள் அதிகம். சாதாரண சிபாப் அது அல்ல. ஆனாலும் வீட்டில் இதய நோயாளி இருந்தால், கருவியின் வகையை மாற்றுவது கடைக்காரரோடு பேசி முடிக்கிற காரியமில்லை.

பழைய கருவியைக் கைமாற்றாக வாங்குவோருக்கு ஒரு வார்த்தை. மோட்டார் சத்தத்தை அடக்க உள்ளே வைத்த பஞ்சு சிதைந்து காற்றுப்பாதையில் கலக்கக்கூடும் என்று பிலிப்ஸ் நிறுவனம் 2021 ஜூனில் பல மாடல்களைத் திரும்பப் பெற்றது. மாடலின் பெயரைப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

பரணில் கருவி இருப்பவர்கள் இதைச் செய்யலாம். ஆட்டோ கருவியில் 4 முதல் 20 வரை என்று முழு வீச்சும் திறந்தே விடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பலருக்கு 4இல் காற்றுப் போதாமல் மூச்சு முட்டும், அதனால்தான் கழற்றி எறிகிறார்கள். மேலே ஏறும்போது மாஸ்க் ஓரத்தில் காற்று கசிந்து கண்ணில் அடிக்கும். கீழ் எல்லையைக் கொஞ்சம் ஏற்றி, மேல் எல்லையைக் கொஞ்சம் இறக்கினால் தீருமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பல மாடல்களின் பக்கவாட்டில் ஒரு சிறு மூடி இருக்கும், திறந்தால் எஸ்டி கார்டு. ஒவ்வொரு இரவும் எத்தனை மணி நேரம், எவ்வளவு அழுத்தம், எவ்வளவு கசிவு, எத்தனை தடை என்று அதில் பதிவாகியிருக்கும். 2019 முதல் கிடைக்கும் ஆஸ்கார் என்ற இலவச மென்பொருளால் அதை வீட்டுக் கணினியிலேயே வரைபடமாகப் பார்க்கலாம். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அந்தக் கார்டையும், பக்கத்தில் படுப்பவரையும் கூடவே அழைத்துப் போங்கள்.