திண்டுக்கல் சூசையப்பர் கோயில்: சுவர் சொல்லும் வரலாறு

நெய்க்காரப்பட்டி, பழனிப் பக்கமிருந்து திண்டுக்கல்லுக்குப் பஸ் ஏறி வருகிற நம்மவர்களுக்கு மலைக்கோட்டையைத் தெரியும். புனித சூசையப்பர் கோயிலை எப்போது கட்டினாங்க என்று கேட்டால் மட்டும் பலரும் தலையைச் சொறிவோம். 1866-ல் தொடங்கி 1872-ல் முடித்தார்கள். ஆறு வருஷ வேலை.

அந்தக் காலத்தைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். திண்டுக்கல் 1792-லேயே திப்பு சுல்தானிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கு வந்துவிட்டது. ஆண்டவர்கள் ஆங்கிலேயர், மதுரை மிஷனில் மறைப்பணி செய்தவர்களோ பிரெஞ்சு நாட்டு இயேசு சபைக் குருக்கள். திருச்சி - மதுரை ரயில் பாதை 1875-ல்தான் வந்தது. அதனால் கோயில் வேலைக்கு வேண்டிய பாரமெல்லாம் மாட்டு வண்டியை நம்பித்தான்!

சிமெண்டும் கிடையாது. நம் நாட்டில் சிமெண்ட் தயாரிக்கத் தொடங்கியதே 1904-ல், சென்னையில். அதற்கு முந்திய பெரிய கட்டடங்களைத் தாங்குவது சுண்ணாம்புக் காரை. சுண்ணாம்பையும் மணலையும் அரைத்து, கடுக்காய்ச் சாறும் வெல்லமும் சேர்ப்பது பழைய கொத்தனார்களின் கைப்பக்குவம். வெல்லச் சந்தைக்குப் பேர் போன நெய்க்காரப்பட்டிக்காரர்களுக்கு இதைக் கேட்டால் சந்தோஷமாக இருக்கும். இந்தக் காரை ஒரே நாளில் இறுகாது. காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து, வருஷக்கணக்கில் கல்லாகும். சுவரில் ஏறிய ஈரத்தையும் வெளியே விட்டுவிடும்.

இங்கேதான் ஒரு கவலை. பல ஊர்களில், 'புதுப்பிக்கிறோம்' என்று நல்லெண்ணத்தோடுதான் பழைய காரையைக் கொத்திவிட்டுச் சிமெண்ட் பூசுகிறார்கள். ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, செங்கல்லை அரிக்கிறது. பார்க்கப் பளபளப்பு; உள்ளே பலவீனம்.

2003-ல் திருச்சியிலிருந்து பிரிந்து திண்டுக்கல் தனி மறைமாவட்டமானது. கட்டி முடித்து 131 ஆண்டுகளுக்குப் பிறகு சூசையப்பர் கோயில் பேராலயமாயிற்று. பட்டம் புதிது, சுவர் பழையது.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் பழைய கோயில் எதுவானாலும், ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் அளந்து, படம் எடுத்து, பெரியவர்கள் சொல்வதை எழுதி வையுங்கள். சுவரைக் கொத்தும் முன்பு சுண்ணாம்பு வேலை தெரிந்த ஒரு கொத்தனாரைக் கேட்கச் சொல்லுங்கள். கொத்திவிட்ட பிறகு வருந்திப் புண்ணியமில்லை.