ஸாம்ஸா காலாற நடந்த கதை

பானைக்கு வாய் உண்டு, கழுத்து உண்டு, வயிறு உண்டு. நாம் அப்படித்தான் சொல்கிறோம். ஆனால் பானை எங்கேயும் போகாது. வைத்த இடத்தில் இருக்கும், ஊற்றியதை வாங்கிக்கொள்ளும், சாய்த்தால் கொடுக்கும். அதுக்குப் போய் யாராவது கால் வைப்பார்களா? ஜப்பானில் ஒரு குயவர் வைத்தார். பெயர் யாகி கசுவோ. 1954-இல் டோக்கியோவின் ஃபோர்ம் காலரியில் அவருடைய தனிக் கண்காட்சி நடந்தது. அங்கே வைக்கப்பட்ட ஒரு மண் சிற்பத்தின் பெயர் ‘திரு. ஸாம்ஸாவின் உலாவல்’.

ஸாம்ஸா என்றதுமே உங்களுக்குப் புரிந்திருக்கும். காஃப்காவின் ‘உருமாற்றம்’ கதையில் காலையில் கண்விழிக்கும்போது பூச்சியாகிக் கிடப்பானே கிரெகோர் ஸாம்ஸா, அவனேதான்.

சிற்பம் ஒன்றும் பெரிசில்லை. ஒரு அடி உயரம்கூட இருக்காது. மண்ணாலான அகலமான வளையம் ஒன்று, உருண்டு வந்து நின்ற சக்கரம் மாதிரி செங்குத்தாக நிற்கிறது. அதன் விளிம்பெல்லாம் சின்னச் சின்னக் குழாய்கள் முளைத்திருக்கின்றன. சில மேலே நீட்டிக்கொண்டிருக்க, சில தரையில் ஊன்றிக் கால்களாகின்றன. ஒவ்வொரு குழாய்க்கும் திறந்த வாய். ஆனால் எந்த வாயிலும் எதையும் ஊற்றிவைக்க முடியாது, நடுவில் வெறும் ஓட்டைதான் இருக்கிறது. புகைப்படத்தில் பார்த்தபோது எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. வழி தெரியாமல் நிற்கும் பூச்சி ஒன்று, எந்தக் காலை முதலில் எடுத்துவைப்பது என்று யோசிப்பது போலிருந்தது.

இதைச் செய்தவர் கலைக்கூடத்திலிருந்து மண்ணைத் தேடி வந்தவரில்லை. 1918-இல் கியோட்டோவின் குயவர் பகுதியான கோஜோஸாகாவில், குயவர் வீட்டில் மூத்த மகனாகப் பிறந்தவர். அந்தத் தெருக்களில் மலைச்சரிவில் படிப்படியாக ஏறும் சூளைகள் இருந்தன. பல குடும்பங்கள் ஒரே சூளையில் இடம் பிடித்துத் தங்கள் பாண்டங்களைச் சுட்டன. அப்பா யாகி இஸ்ஸோவும் சாதாரண ஆளில்லை. 1920-ஐ ஒட்டி, ‘செம்மண்’ என்று பொருள்படும் பெயரில் இளம் குயவர்கள் சிலர் சேர்ந்து ஒரு குழு தொடங்கினார்கள். பழைய மாதிரிகளைப் பார்த்துப் பார்த்துச் செய்தது போதும் என்று நினைத்தவர்கள். இஸ்ஸோவும் அதில் ஒருவர். அந்தக் குழு சில ஆண்டுகளில் கலைந்துபோனது. மகன் பள்ளியில் படித்தது சிற்பம். ஆனால் சோறு போட்டது என்னவோ சக்கரம்தான்.

போர் முடிந்தது. தோற்ற நாடு, அமெரிக்கப் படைகளின் ஆட்சி. அந்தச் சூழலில், 1948-இல் யாகியும் சுசுகி ஒசாமு, யமாடா ஹிகாரு உள்ளிட்ட நண்பர்களும் சேர்ந்து ஐந்து பேராக ‘சோடெய்ஷா’ என்ற குழுவைத் தொடங்கினார்கள். அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. சீனத்துப் பழைய ஜுன் பாண்டங்களில் கிளேஸ் எனப்படும் மெருகுப்பூச்சு சுடும்போது விரிசல் விட்டு, பிறகு உருகி அந்த விரிசலுக்குள்ளேயே ஓடி நிரம்பும். அதனால் மேற்பரப்பில் நெளிநெளியாகக் கோடுகள் விழும். அதைச் சீனர்கள் மண்புழு சேற்றில் ஊர்ந்த தடம் என்றார்கள். பிசகாகப் பிறந்து அழகென்று கொண்டாடப்பட்ட அந்தத் தடத்திலிருந்துதான் இந்த ஐவரும் தங்கள் குழுவுக்குப் பெயர் எடுத்தார்கள். சேற்றில் ஊர்பவர்கள்! பெரிய கண்காட்சிகளின் நடுவர்கள் தட்டிக்கொடுக்க வேண்டும் என்று காத்திருக்கவும் அவர்கள் விரும்பவில்லை.

அவர்கள் முன்னால் இருந்த கேள்வி வெளியே இருந்து பார்த்தால் சிறுபிள்ளைத்தனமாகத் தெரியும். பானையின் வாயை மூடிவிட்டால் அது பானையா? ஆனால் குயவர் வீட்டில் இந்தக் கேள்விக்கு வேறு கனம். வாய் இருந்தால் பூ வைக்கலாம், தண்ணீர் வைக்கலாம், விலை சொல்லலாம். வாயை மூடினால் வாங்க யார் வருவார்கள்? அதே காலத்தில் கியோட்டோவில் வாழ்ந்த கவாய் கஞ்சிரோ போன்றவர்கள் நாட்டார் கைவினையின் அழகைப் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த இயக்கத்தின் பார்வையில் அழகு என்பது அன்றாடப் பயன்பாட்டிலிருந்து பிறப்பது. அதை மறுப்பது சுலபமில்லை. மண்ணை ஏன் பிசைகிறோம் என்பதற்கு அவர்களிடம் தெளிவான பதில் இருந்தது.

யாகியின் ‘ஸாம்ஸா’வை, ஜப்பானில் மண்பாண்டம் சிற்பமாக மாறிய தருணம் என்று வரலாறு சொல்கிறது. சரிதான். ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. அவர் சக்கரத்தைத் தூக்கி எறியவில்லை. அந்த வளையம் சக்கரத்தில் வனைந்தது. அந்தக் குழாய்களும் அப்படித்தான், தனித்தனியாக வனைந்து ஒட்டியவை. அப்பாவிடமிருந்து கைக்கு வந்த அதே வித்தை, அதே மண், அதே சூளை. வனைந்ததை எப்படி நிறுத்துவது என்பதில்தான் குறும்பு. படுக்கையாக இருக்கவேண்டியதை நிமிர்த்தினார், வாயாக இருக்கவேண்டியதைக் காலாக்கினார். தொழிலை விட்டு வெளியே போய் விளையாடவில்லை, தொழிலுக்குள்ளேயே விளையாடினார்.

இப்போது காஃப்காவிடம் திரும்புவோம். கிரெகோர் ஊர் ஊராகச் சுற்றும் விற்பனைப் பிரதிநிதி. அப்பாவின் கடனை அடைப்பவன், தங்கையை இசைப் பள்ளியில் சேர்க்கவேண்டும் என்று நினைப்பவன். வீட்டுக்கு அவன் ஒரு பாத்திரம், சாய்த்தால் கொடுக்கும். பூச்சியான பிறகு கொடுக்க அவனிடம் ஒன்றுமில்லை. ‘இதைத் தொலைத்துவிட வேண்டும்’ என்ற பேச்சை முதலில் எடுப்பவள் அந்தத் தங்கைதான். 1915-இல் வெளிவந்த அந்தக் கதையில், பூச்சியான கிரெகோர் ஒருமுறைகூட வீட்டு வாசலைத் தாண்டுவதில்லை. கடைசியில் ஓர் உலா வருகிறது. அவன் செத்த பிறகு, அப்பாவும் அம்மாவும் தங்கையும் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு டிராமில் ஏறி ஊருக்கு வெளியே காற்று வாங்கப் போகிறார்கள். அவன் மட்டும் இல்லை.

அந்த உலாவை யாகி கிரெகோருக்கே கொடுத்துவிட்டார் என்றுதான் நான் வாசிக்கிறேன். பயனில்லாமல் போனதால் அறைக்குள் செத்தவனை, பயனில்லாத ஒரு பாண்டமாகச் செய்து வெளியே நடக்கவிட்டார். ‘திரு.’ என்ற மரியாதை வேறு! மூத்த மகன், குடும்பத் தொழில், கையில் காசு வரவேண்டிய கட்டாயம். இதெல்லாம் தெரிந்த ஒருவரின் வேடிக்கை இது. அதனால்தான் சிரித்து முடித்த பிறகும் அது மனசைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது.

யாகி அதற்குப் பிறகு தேநீர்க் கிண்ணம் செய்வதை நிறுத்தினாரா என்றால், இல்லை. கடைசிவரை கிண்ணங்களும் செய்தார், வாயில்லாத உருவங்களும் செய்தார். கியோட்டோ நகரக் கலைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1972 சப்போரோ குளிர்கால ஒலிம்பிக் பதக்கங்களின் முன்பக்கத்தை வடிவமைத்தவரும் அவர்தான். 1979-இல் இறந்தார். சோடெய்ஷா அவருக்குப் பிறகும் ஊர்ந்துகொண்டிருந்து, ஐம்பது ஆண்டுகள் நிறைந்த 1998-இல் கலைந்தது. அப்பாவின் குழுவுக்கு வாய்க்காத ஆயுள் மகனின் குழுவுக்கு வாய்த்தது.

வேலை போனவரை, ஓய்வு பெற்றவரை, நோயில் விழுந்தவரை நம் வீடுகள் எப்படிப் பார்க்கின்றன என்று உங்களுக்குத் தெரியும். ‘சும்மாதானே இருக்கே?’ என்று கேட்காத வீடு உண்டா? அடுத்தமுறை அந்தக் குரல் காதில் விழும்போது, ஒரு அடிகூட உயரமில்லாத அந்த மண் பூச்சியை நினைத்துக்கொள்ளுங்கள். எதற்கும் உதவாத அத்தனை வாய்களோடும் அது காலாற நடந்துகொண்டிருக்கிறது.