ஆடிப் பெருக்கும் ஆற்றங்கரை வீடும்

ஆடி பதினெட்டாம் நாள் காவிரிக்குக் காதோலை கருகமணியும் மஞ்சளும் கொடுத்துவிட்டுச் சித்திரான்னம் சாப்பிட்டு வருகிறோமே, அந்த மாதம்தான் ஆற்றங்கரைக்காரர்களின் வயிற்றில் புளியைக் கரைக்கிற மாதம். பெருக்கு வர வேண்டும் என்று கும்பிடுகிற கைதான், அது வாசற்படி ஏறாமல் இருக்க வேண்டும் என்றும் கும்பிடுகிறது.

1924-ஆம் வருஷத்துக்கு ரக்தாட்சி என்று பெயர். அந்த வருஷம் பிப்ரவரி 18-ஆம் தேதி சென்னை சர்க்காரும் மைசூர் சமஸ்தானமும் காவிரித் தண்ணீர் விஷயமாக ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன. மை காய்ந்து ஐந்து மாதம் ஆயிற்றோ இல்லையோ, எந்த ஒப்பந்தத்துக்கும் கட்டுப்படாதவளாகக் காவிரி புறப்பட்டு வந்தாள். மேட்டூரில் விநாடிக்கு 4,56,000 கன அடி! அடுத்த வருஷம் அங்கே அணை வேலை தொடங்கி, 1934 ஆகஸ்டில் முடிந்தது. அந்தப் பிரவாகத்தை மனத்தில் வைத்துத்தான் உபரி நீருக்குப் பதினாறு கண் மதகு அமைத்தார்கள்.

'அணைதான் வந்துவிட்டதே, இனி வெள்ளம் ஏது?' என்று நினைத்தவர்கள் உண்டு. நினைப்பது சுலபம். மேட்டூர் அணை முக்கியமாகப் பாசனத்துக்குத் தண்ணீர் சேர்த்து வைக்கும் தொட்டி. 120 அடி நிரம்பிய பிறகு, வருகிற தண்ணீரை அப்படியே வெளியே விடுவதைத் தவிர அதற்கு வேறு வழி கிடையாது. 2018 ஆகஸ்டில் விநாடிக்கு இரண்டு லட்சம் கன அடியை ஒட்டித் திறந்துவிட்டார்கள். பவானி கூடுதுறையில் இன்னொரு சங்கடமும் உண்டு. காவிரி நிரம்பி ஓடும்போது பவானி ஆற்றுக்குப் போக இடம் கிடைப்பதில்லை. அது பின்வாங்கித் தெருவுக்குள் திரும்புகிறது. பவானியிலும், ஈரோட்டுக் கருங்கல்பாளையத்திலும், கொடுமுடியிலும் தாழ்ந்த தெருக்காரர்கள் மூட்டை முடிச்சுகளோடு மேட்டுக்குப் போக வேண்டியதாயிற்று.

மூட்டையில் என்ன கட்டுவது? பழைய குடும்பங்களுக்கு அது மனப்பாடம். பத்திரமும் நகையும் முதலில், தானியம் பரண்மேல், மாட்டின் தும்பை அவிழ்த்துவிட வேண்டும். மண் சுவரை மட்டும் ஒன்றும் செய்ய முடியாது. அது அடியில் ஊறி, பெரும்பாலும் வெள்ளம் வடிந்த பிறகுதான் சரியும். 'தண்ணீர் இறங்கிவிட்டது' என்று அவசரமாக உள்ளே நுழைகிறவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம்.

பவானியில் ஜமக்காளம் நெய்கிறவர்களின் பாடு வேறு. குழித்தறியில் நெசவாளி கால் வைப்பதே தரைக்குக் கீழேதான். வீட்டுக்குள் வருகிற தண்ணீர் முதலில் நிரப்புவது அந்தக் குழியைத்தான். பாவையும் நூலையும் பரணில் ஏற்றலாம். குழியை எங்கே ஏற்றுவது?

இனி இன்ஷூரன்ஸ் கதை. அமெரிக்காவில் 1927-இல் மிஸிஸிப்பி நதி கரை புரண்டதும், தனியார் கம்பெனிகள் 'வெள்ளம் எங்களுக்கு வேண்டாம்' என்று ஒதுங்கிக்கொண்டன. அதில் நியாயம் இல்லாமலில்லை: ஆற்றங்கரைக்காரன் மட்டுமே வெள்ளப் பாலிசி கேட்பான், வெள்ளம் வந்தால் கேட்ட அத்தனை பேருக்கும் ஒரே நாளில் பணம் கொடுக்க வேண்டும். கடைசியில் 1968-இல் அந்த நாட்டு சர்க்காரே அந்த வேலையை ஏற்றது.

நம் நாட்டில் வெள்ளத்தைத் தீயோடு முடிச்சுப் போட்டுவிட்டார்கள். 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டுக் கம்பெனிகளும் விற்க வேண்டிய 'பாரத் கிருஹ ரக்ஷா' பாலிசியில் தீ, புயல், வெள்ளம் எல்லாம் சேர்ந்தே வருகின்றன. மேட்டுக்காரன் தீக்குப் பயந்து கட்டுகிற பணமும் ஆற்றங்கரைக்காரனுக்கு உதவுகிறது. நல்ல தந்திரம் என்றே எனக்குப் படுகிறது. மனையின் விலையை இதில் சேர்ப்பதில்லை. வீட்டைத் திரும்பக் கட்ட என்ன செலவாகுமோ அதுதான் கணக்கு. வாடகைக்குக் குடியிருப்பவர்கள் சாமான்களுக்கு மட்டும் எடுக்கலாம்.

ஆனால் தறி? வீட்டுக்குள் இருந்தாலும் அது தொழில் சாமான். வீட்டுப் பாலிசியில் அதற்கு இடமில்லை; சிறு தொழிலுக்கான வேறொரு பாலிசி எடுக்க வேண்டும். சமையல் அறைக்கும் தறிக் குழிக்கும் நடுவே சுவர்கூட இல்லாத வீட்டில், ஒரே தண்ணீருக்கு இரண்டு பாலிசி! கூலிக்கு நெய்கிறவர் இரண்டாவதற்கும் பணம் கட்டுவாரா, ஆடி பிறப்பதற்குள் நூல் வாங்குவாரா என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.