'ஸ்பெஷல் ஸ்கூல்' என்று சொல்லி ஓரங்கட்டப்பட்ட கரீபியன் குழந்தைகள்: பிரிட்டனில் சனிக்கிழமைப் பள்ளிகள் உருவானது எப்படி?

உங்கள் பிள்ளையை 'ஸ்பெஷல் ஸ்கூலுக்கு' மாற்றப் போகிறோம் என்று பள்ளியிலிருந்து தகவல் வந்தால் என்ன நினைப்பீர்கள்? ஸ்பெஷல்னா கூடுதல் கவனிப்பு, நல்ல டீச்சர் என்றுதானே தோன்றும். 1960களில் லண்டனில் வாழ்ந்த கரீபியன் பெற்றோர் பலரும் அப்படித்தான் நினைத்தார்கள். சிலர் சந்தோஷப்படவும் செய்தார்கள்.

உண்மையில் அந்தப் பள்ளிகளின் அரசு முத்திரை வேறு. 'கல்வியில் இயல்புக்குக் கீழானவர்கள்' என்பதே அந்த வகைப்பாட்டின் பெயர். ஆங்கிலத்தில் சுருக்கமாக 'ஈ.எஸ்.என்'. ஒரு குழந்தை அங்கே போய்விட்டால் வழக்கமான பள்ளிக்குத் திரும்புவது அபூர்வம்.

யார் இந்தக் குழந்தைகள்?

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு பிரிட்டனில் ஆள் பற்றாக்குறை. பஸ் ஓட்ட, ரயில் நிலையங்களில் வேலை பார்க்க, மருத்துவமனைகளில் நர்ஸாகப் பணியாற்ற ஜமைக்கா, டிரினிடாட், பார்படாஸ் போன்ற தீவுகளிலிருந்து மக்கள் வந்தார்கள். 1948 ஜூனில் டில்பரி துறைமுகத்துக்கு வந்த 'எம்பயர் விண்ட்ரஷ்' கப்பல்தான் இந்தக் குடியேற்றத்தின் அடையாளமாகச் சொல்லப்படுகிறது. அவர்கள் பிரிட்டிஷ் குடிமக்களாகவே வந்தவர்கள் என்பது இங்கே முக்கியம்.

முதலில் அப்பாவோ அம்மாவோ வருவார்கள். பிள்ளைகள் ஊரில் பாட்டியிடம் வளரும். சில வருடங்கள் கழித்துக் காசு சேர்ந்ததும் பிள்ளைகளை வரவழைப்பார்கள். புது நாடு, குளிர், அடையாளம் மறந்துபோன பெற்றோர், முழுக்க வெள்ளை முகங்கள் உள்ள வகுப்பறை. அந்த நிலையில்தான் அந்தக் குழந்தைக்கு ஐ.க்யூ டெஸ்ட் வைத்தார்கள்.

டெஸ்ட்டில் என்ன பிரச்னை?

ஒரு சின்ன உதாரணம். படத்தில் இருக்கும் தண்ணீர்க் குழாயைக் காட்டி 'இது என்ன?' என்று கேட்டால், பிரிட்டிஷ் குழந்தை 'டாப்' என்று சொல்லும். கரீபியன் குழந்தைக்கோ அது 'பைப்'. (நம்ம ஊரிலும் 'பைப்பை மூடு' என்றுதானே சொல்கிறோம்!) குழந்தைக்குப் பொருள் தெரியும், பெயரும் தெரியும். ஆனால் மார்க் கிடைக்காது.

மொழி விஷயத்தில் இன்னொரு சிக்கலும் இருந்தது. இந்தியா, பாகிஸ்தானிலிருந்து வந்த குழந்தைகளுக்கு ஆங்கிலம் தெரியாது என்பதைப் பள்ளிகள் ஏற்றுக்கொண்டன. தனி மொழி வகுப்புகளுக்கும் ஏற்பாடு நடந்தது. கரீபியன் குழந்தைகள் பேசிய கிரியோல் அவர்களுக்கே உரிய இலக்கணம் கொண்ட மொழி. ஆனால் ஆசிரியர்கள் காதில் அது தப்புத் தப்பான ஆங்கிலமாக மட்டுமே விழுந்தது. 'ஆங்கிலம் தெரியும், ஆனால் சரியாகப் பேச வரவில்லை, அப்படியானால் மூளை மந்தம்' என்று கணக்குப் போட்டுவிட்டார்கள். இதனால் மொழி உதவி கிடைக்கவேண்டிய பிள்ளைகளுக்கு முத்திரைதான் கிடைத்தது.

அதற்காக தெற்காசியக் குழந்தைகள் தப்பித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். ஒரு பள்ளியில் குடியேறிகளின் பிள்ளைகள் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்று 1965-ல் கல்வித்துறை சுற்றறிக்கையே விட்டது. லண்டனின் சவுத்தால் பகுதியில் பஞ்சாபிக் குழந்தைகளை பஸ்ஸில் ஏற்றி தூரத்துப் பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். வெள்ளைக் குழந்தைகளை யாரும் பஸ் ஏற்றவில்லை.

எண்கள் என்ன சொல்கின்றன?

இந்த விவகாரம் வெளியே வந்ததே அரசின் சொந்தக் கணக்கிலிருந்துதான். உள் லண்டன் கல்வி ஆணையத்தின் 1967-ம் ஆண்டு கணக்குப்படி, சாதாரணப் பள்ளிகளில் குடியேறிகளின் பிள்ளைகள் சுமார் 15 சதவீதம். ஈ.எஸ்.என் பள்ளிகளிலோ 28 சதவீதம். அந்த 28 சதவீதத்திலும் முக்கால்வாசிப் பேர் கரீபியன் குழந்தைகள். சாதாரணப் பள்ளிகளில் படித்த குடியேறிகளின் பிள்ளைகளில் அவர்கள் பாதிதான். இதில் பல குழந்தைகள் தவறாக அனுப்பப்பட்டிருப்பதாக ஈ.எஸ்.என் தலைமை ஆசிரியர்களே கருதினார்கள் என்பதும் அதே அறிக்கையில் இருந்தது.

புத்தகம் எழுதிய டீச்சர்

பெர்னார்டு கோர்டு கரீபியன் தீவான கிரெனடாவைச் சேர்ந்தவர். லண்டனில் ஈ.எஸ்.என் பள்ளிகளில் ஆசிரியராக இருந்தார். தன் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் அங்கே இருக்கவேண்டியவர்களே இல்லை என்பது அவருக்குத் தெரிந்தது. 1971-ல் இந்த எண்களையும் தன் அனுபவத்தையும் சேர்த்து ஒரு சிறு நூல் எழுதினார். பிரிட்டிஷ் பள்ளிகள் மேற்கிந்தியக் குழந்தையை எப்படி 'இயல்புக்குக் கீழானவர்' ஆக்குகின்றன என்பதுதான் அதன் தலைப்பின் சாரம். 'ஆக்குகின்றன' என்ற அந்த ஒரு சொல்லில் வாதம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

அவர் இதை அதிகாரிகளுக்காகவோ பேராசிரியர்களுக்காகவோ எழுதவில்லை. நேராகப் பெற்றோரிடம் பேசினார். பள்ளிக்குப் போய்ப் பாருங்கள், டீச்சரிடம் கேளுங்கள், டெஸ்ட் என்றால் எதற்கு என்று விசாரியுங்கள், நாமே வகுப்புகள் தொடங்குவோம் என்று ஒரு செயல்திட்டமே கொடுத்தார். அதுவரை பெரும்பாலான கரீபியன் பெற்றோர் ஆசிரியர் சொல்வதை வேதவாக்காக எடுத்துக்கொண்டவர்கள். ஊரில் ஆசிரியருக்கு அவ்வளவு மரியாதை. ஷிஃப்ட் வேலை வேறு. பள்ளிக்குப் போக நேரமும் கிடையாது. எனவே, 'கேள்வி கேட்கலாம்' என்று ஒரு ஆசிரியரே சொன்னது அவர்களுக்குப் பெரிய விஷயம்.

இதே கோர்டு பின்னாளில் கிரெனடா திரும்பி, 1979 புரட்சிக்குப் பிறகு அங்கே துணைப் பிரதமரானார். 1983-ல் பிரதமர் மாரிஸ் பிஷப் கொல்லப்பட்ட வழக்கில் தண்டிக்கப்பட்டு 2009 வரை சிறையில் இருந்தார். அது தனிக்கதை. பிரிட்டனில் அந்தப் புத்தகத்துக்கு இருக்கும் மதிப்பு இதனால் குறையவில்லை.

சனிக்கிழமைப் பள்ளி என்றால் என்ன?

புத்தகம் வருவதற்கு முன்பே பெற்றோர் திரளத் தொடங்கிவிட்டார்கள். வடக்கு லண்டனின் ஹாரிங்கே பகுதியில், பிள்ளைகளைத் தேர்வு மூலம் தரம் பிரித்துப் பள்ளிகளுக்கு அனுப்பும் திட்டம் 1969-ல் வந்தது. மேற்கிந்தியக் குழந்தைகளின் அறிவுத்திறன் குறைவு என்று சொன்ன ஓர் உள் அறிக்கை அப்போது கசிந்தது. கொதித்துப்போன பெற்றோர் கூட்டம் கூட்டினார்கள், எதிர்ப்பு வலுத்தது, கடைசியில் திட்டம் கைவிடப்பட்டது.

அந்தப் போராட்டத்தில் முன்னால் நின்றவர்களில் ஒருவர் ஜான் லா ரோஸ். டிரினிடாடைச் சேர்ந்த கவிஞர், 'நியூ பீக்கன் புக்ஸ்' பதிப்பகத்தை நடத்தியவர். கோர்டின் நூலை வெளியிட்டதும் இந்தப் பதிப்பகம்தான். 1969-ல் அவர் தன் வீட்டிலேயே சில பிள்ளைகளை உட்காரவைத்துப் பாடம் தொடங்கினார். அதுதான் 'ஜார்ஜ் பாட்மோர்' துணைப் பள்ளி.

இப்படிப்பட்ட பள்ளிகள் வீட்டு ஹாலிலும் சர்ச் அறையிலும் சமுதாயக் கூடத்திலும் நடந்தன. வார நாட்களில் வேறு வேலை பார்ப்பவர்களும் கல்லூரி மாணவர்களும் சனிக்கிழமை வந்து பாடம் எடுத்தார்கள். கணக்கு, ஆங்கிலம், கூடவே ஆப்பிரிக்க, கரீபியன் வரலாறு. அரசுப் பள்ளிப் பாடப்புத்தகத்தில் அடிமையாக மட்டுமே வந்த தங்கள் மூதாதையரைப் பிள்ளைகள் இங்கேதான் வேறு விதமாகப் படித்தார்கள். பள்ளிப் பாடத்தையும் விடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பெற்றோருக்குப் பரீட்சையில் பாஸாவதும் சம அளவு முக்கியமாக இருந்தது.

1983-க்குப் பிறகு இலங்கையிலிருந்து அதிக அளவில் லண்டன் வந்த தமிழர்கள் நடத்தும் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளைப் பார்த்தவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதாகத் தெரியாது. நோக்கம் மட்டும் வேறு. அங்கே தாய்மொழியைக் காப்பாற்றுவது முதல் கவலை. கரீபியன் பெற்றோருக்கோ, பள்ளியே பிள்ளையைக் கைவிட்டுவிட்டது என்பது.

பிறகு என்ன ஆனது?

அரசு அமைத்த குழு 1981-ல் தந்த ராம்ப்டன் அறிக்கை, ஆசிரியர்களின் குறைந்த எதிர்பார்ப்பும் இனப்பாகுபாடும் காரணங்களில் அடங்கும் என்று ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு கல்விச் சட்டத்தில் ஈ.எஸ்.என் என்ற வகைப்பாடே நீக்கப்பட்டது. 1985-ல் ஸ்வான் அறிக்கை வந்தது.

ஆனால் அந்தப் பள்ளிகளில் படித்து முடித்தவர்களுக்கு யார் பதில் சொல்வது? பலர் சரியாக எழுதப் படிக்கத் தெரியாமலே வெளியே வந்தார்கள். பொதுத்தேர்வு எழுதவில்லை, கையில் சான்றிதழும் இல்லை. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது படித்த பள்ளியின் பெயரைச் சொல்லவே கூச்சப்பட்டார்கள். சொந்தக் குடும்பத்திடம்கூட பல வருடங்கள் மறைத்தவர்கள் உண்டு.

இயக்குநர் ஸ்டீவ் மெக்வீன் 2020-ல் தன் 'ஸ்மால் ஆக்ஸ்' தொடரில் 'எஜுகேஷன்' என்ற படத்தை இந்த விவகாரத்தை வைத்தே எடுத்தார். அடுத்த ஆண்டு பிபிசியில் ஆவணப்படமும் வந்தது. அதில், இப்போது ஐம்பது, அறுபது வயதைத் தாண்டிவிட்ட அந்தப் 'பிள்ளைகள்' கேமரா முன்பு பேசினார்கள். நடந்தது என்ன என்று அரசு முறையாக விசாரிக்க வேண்டும் என்ற கோரிக்கை அதன் பிறகு வலுத்திருக்கிறது.